யாருக்கும் விலக்கு இல்லை

எங்கள் அண்ணனுக்கும் எனக்கும் சண்டை வராத ஒரே இடம் சாப்பாட்டு மேசை. மற்ற எல்லா இடத்திலும் வரும். அதிலும் மாலை ஏழு மணிக்கு விளக்கேற்றிவிட்டு அவர் வீட்டுப் பெரிய டிவி முன்னால் இருவரும் உட்கார்ந்தோமானால் கட்டாயம் வரும். நாங்கள் பார்ப்பது விண்வெளித் தொடர்கள். குடும்பத் தொடர் பார்க்கிற அண்ணிக்கு அந்தக் கப்பல்களையும் உடுப்புகளையும் கண்டாலே ஆகாது. தகரத்தை மாட்டிக்கொண்டு ஆகாயத்தில் அலைகிறவர்களுக்காக இந்த இரண்டு கிழங்களும் ஏன் அடித்துக்கொள்கின்றன என்று முணுமுணுத்தபடி தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். ஆனால் சண்டை சூடு பிடித்ததும் சமையலறைக் கதவோரம் வந்து நிற்பார். யார் ஜெயிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும் அல்லவா?

அண்ணனுக்கு அறுபத்து நான்கு வயது. எனக்கு ஐம்பத்தாறு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். மலாக்கா மாநிலத்தில் ரெம்பியாவுக்குப் பக்கத்தில் ஒரு தாமான் குடியிருப்பில் அடுத்தடுத்த தெருக்களில் எங்கள் வீடுகள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த ரப்பர் தோட்டம் கைமாறிக் கைமாறி இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கிற செம்பனை. வரிசையாக இருந்த லயத்து வீடுகள் போய்விட்டன, கோயில் மட்டும் செம்பனை ஓரத்தில் அதே இடத்தில் இருக்கிறது. அந்தக் கோயிலுக்கு அண்ணன் பதினொரு ஆண்டுகள் தலைவர். நான் செயலாளர். வேறு யாருக்கும் தமிழில் தட்டச்சு வராது என்பதைத் தவிர எனக்கு அந்தப் பதவிக்குத் தனித் தகுதி எதுவும் கிடையாது.

டிவி முன்னால் எங்கள் சண்டை எப்போதும் ஒன்றுதான். கதையில் யாராவது ஒரு விதியை மீறுவார்கள். நான் மீறியவர் பக்கம், அண்ணன் விதியின் பக்கம். கடைசியாக நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த தொடரில் ஒரு பெண் கேப்டன் வந்தாள். மருந்தும் கடிதமும் ஏற்றிக்கொண்டு கோளுக்குக் கோள் போகிற பழைய கப்பல் அவளுடையது. மேலிடம் அவளுக்கு ஒரு பெரிய விதி போட்டிருந்தது. வானத்திலிருந்து வருகிறவர்களைக் கடவுள் என்று நினைத்துவிடக்கூடிய மக்கள் வாழும் கோளில் இறங்கவே கூடாது. முன்பு அப்படி இறங்கியவர்களில் பலர் அங்கேயே கடவுளாகி, மாலை வாங்கிக்கொண்டு, ஊரை ஆட்டிப் படைத்திருக்கிறார்கள். நியாயமான விதிதான், அதை நானும் மறுக்கவில்லை.

ஒரு கோளில் மலைமேல் பழைய இயந்திரம் ஒன்று பேசிக்கொண்டிருந்தது. கறுப்புக் கம்பத்தைத் தாண்டாதே, தாண்டினால் புயல் கொல்லும் என்று அது தினமும் சொல்லும். புயல் நின்று மூன்று தலைமுறை ஆகிவிட்டது. இயந்திரத்துக்கு அது தெரியாது. மக்கள் அதற்குப் பூப்போட்டுக் கும்பிட்டுக்கொண்டு கம்பத்துக்கு உள்ளேயே வாழ்ந்தார்கள். அங்கே ஒரு குழந்தைக்குக் கடும் காய்ச்சல். மருந்து மேலே கப்பலில் இருக்கிறது. கேப்டன் இறங்கலாமா, கூடாதா? அவள் கை நெம்புகோலின் மேல் இருக்கிறது. நான் இறங்கு, இறங்கு என்று டிவியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் அசையவில்லை. "அவங்கவங்க காரணம் அவங்கவங்களுக்குப் பெருசுதான் பாப்பா. எல்லாரும் தாண்டிட்டா அப்புறம் சட்டம் எதுக்கு?" என்றார்.

அந்த இடத்தில் அண்ணி வந்து டிவியை அணைத்துவிட்டார். அது போன வருடம், மறுநாள் காலை கோயிலில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. கட்டிய பிறகு பத்து நாள் அண்ணன் வீட்டுக்கு வரமாட்டார், டிவி பக்கம் திரும்பமாட்டார். மீதியைத் திருவிழா முடிந்து பார்க்கலாம் என்று எழுந்துவிட்டோம். கேப்டனின் கை நெம்புகோலிலேயே நின்றது.

காப்பு என்றால் மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு, வேறொன்றுமில்லை. பூசாரி அதை மணிக்கட்டில் கட்டிவிட்டால் அந்த ஆள் பத்து நாளைக்கு அம்மனுக்குச் சொந்தம். ஒரு வேளைச் சாப்பாடு, வெறுங்கால், கோயில் மண்டபத்தில் படுக்கை. எல்லாவற்றையும்விடப் பெரிய கட்டுப்பாடு, எல்லையைத் தாண்டக் கூடாது. கிழக்கே பழைய ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகை, மேற்கே சின்னப் பாலம். அந்தக் காலத்தில் அம்மை, பேதி பரவாமலிருக்க வைத்த ஏற்பாடு என்று சிலர் சொல்வார்கள். எனக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்து அதுவரை எந்த வருடமும் யாரும் தாண்டியதில்லை.

தாண்ட வேண்டும் என்று கேட்டவர் ஒருவர் உண்டு. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிற தம்பி, நாற்பது வயதுக்காரர், சொந்த ஊர் பக்கத்துக் கடலோரக் கோலா சுங்கை பாரு. சில வருடங்களுக்கு முன்னால் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டு காப்புக் கட்டியிருந்தார். ஐந்தாம் நாள் காலை அவருக்குப் போன் வந்தது. அம்மா தவறிவிட்டார். போனைக் கையில் பிடித்தபடியே அண்ணன் முன்னால் வந்து நின்றார். ஒரு மணி நேரம் போதும், முகத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று கேட்டார். கெஞ்சவில்லை, கேட்டார்.

"காப்புக் கட்டுன பின்னால நீ அம்மன் பிள்ளை. உனக்கு வேற தாய் கிடையாது" என்று அண்ணன் சொன்னார்.

அண்ணன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. பரம்பரையாக அப்படித்தான் சொல்வார்கள், அவரும் சொன்னார். லாரிக்காரத் தம்பி மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். பத்தாம் நாள் தீச்சட்டி எடுத்து, காப்பு அவிழ்த்து, அதன் பிறகுதான் ஊருக்குப் போனார். அதற்குள் அம்மாவை எரித்து, சாம்பலையும் கடலில் கரைத்திருந்தார்கள். அவர் வந்து கேட்டபோது நான் பூத்தட்டோடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. டிவியில் நான் மீறியவர் பக்கம், கோயிலில் தலைவர் பக்கம்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த வருடத்துத் திருவிழா நோட்டீஸில், காப்புக் கட்டியவர்கள் எல்லை தாண்டக் கூடாது என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார் அண்ணன். யாருக்கும் விலக்கு இல்லை. இனிமேல் யாரும் வந்து கேட்டு மனசைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்பது அவர் எண்ணம். அதைத் தட்டச்சு செய்தது நான். எல்லாருக்கும் பளிச்சென்று தெரியட்டும் என்று தடித்த எழுத்தில் போட்டதும் நான்தான். அண்ணன்கூட அதைச் சொல்லவில்லை.

லாரிக்காரத் தம்பி கோயிலை விட்டுப் போகவில்லை. திருவிழாவுக்குத் தண்ணீர்த் தொட்டி ஏற்றி வர ஒவ்வொரு வருடமும் அவர் லாரிதான் வரும். அண்ணனைப் பார்த்தால் தலைவரே என்று வணக்கம் சொல்வார். நின்று பேசமாட்டார், அவ்வளவுதான்.

போன வருடத் திருவிழாவில் ஏழாம் நாள் காலை. சர்க்கரை வியாதிக்காரியான எனக்கு ஒருவேளைச் சாப்பாடு தாங்காது என்பதால் நான் காப்புக் கட்டுவதில்லை. கோயில் சமையற்கட்டில் அன்னதானத்துக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இடது தோளில் வலி. வாயு என்று நினைத்து இஞ்சியைக் கடித்தேன். கொஞ்ச நேரத்தில் சேலையெல்லாம் வியர்வையில் நனைந்துவிட்டது. அண்ணிதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு அரிவாள்மணையிலிருந்து என்னை இழுத்து எழுப்பினார். பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டிய காடியில் போட்டு மலாக்கா டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அண்ணன் அப்போது கோயிலுக்குள் பூசையில் இருந்தார். நான் புறப்பட்டதே அவருக்குத் தெரியாது.

டாக்டர் ஒரு சின்னப் பெண். இதயத்துக்குப் போகும் குழாய்களில் மூன்று அடைத்திருக்கின்றன, மறுநாள் காலை நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்றாள். பிழைப்பேனா என்று கேட்டேன். பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள் ஆன்ட்டி என்று உண்மையைச் சொன்னாள். அந்த "பெரும்பாலானவர்கள்" என்ற சொல் என்னோடு கட்டிலிலேயே படுத்துக்கொண்டது.

அண்ணனுக்குச் சேதி சொல்லுங்கள், ஆனால் வரச் சொல்லாதீர்கள் என்று அண்ணியிடம் சொன்னேன். வரமுடியாது என்று எனக்குத் தெரியும். நானே தட்டச்சு செய்த விதி. இன்னொருவரின் அம்மாவுக்குப் பொருந்தியது எனக்குப் பொருந்தாதா? அப்படியெல்லாம் நியாயமாகத்தான் யோசித்தேன். ஆனால் வார்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அப்பா அம்மா இல்லை, புருஷன் பிள்ளை இல்லை. என்னைப் பிறந்த நாளிலிருந்து தெரிந்த ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான் மிச்சம். அவர் முகத்தைப் பார்க்காமல் போய்விடக் கூடாது என்று பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அண்ணி தண்ணீர் எடுக்கப் போனபோது அழுதேன்.

சாயங்காலம் பார்வையாளர் நேரம் முடிந்து, நாங்கள் மிஸ்ஸி என்கிற நர்ஸ் எல்லாரையும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் போய் வார்டு அமைதியானது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டேன். அப்போதுதான் பின்னால், "பாப்பா" என்று குரல் கேட்டது.

மஞ்சள் வேட்டி, தோளில் மஞ்சள் துண்டு, வெறுங்கால், நெற்றி நிறையத் திருநீறு. மணிக்கட்டில் காப்பு. ஆஸ்பத்திரி விளக்கு வெளிச்சத்தில் அண்ணன் வேறு கோளிலிருந்து இறங்கியவராகத்தான் தெரிந்தார். பக்கத்துக் கட்டில் மலாய்க்காரம்மா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். வாசலில் மலாய்க்காரக் காவலாளி முதலில் தடுத்தாராம். நேரம் முடிந்துவிட்டது, சட்டை வேறு இல்லை. அண்ணன், "தங்கச்சி" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாராம். அந்த மனிதர் மணிக்கட்டுக் கயிற்றையும் வெறுங்காலையும் பார்த்துவிட்டு, "மாசோக் லா அண்ணே, செகெஜாப் ஜே" என்று கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். போங்கள், கொஞ்ச நேரம் மட்டும் என்று அர்த்தம். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் அவர் உட்கார்ந்திருந்த மேசையைப் பார்த்து மனசுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

"காப்போட தாண்டிட்டீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"தாண்டிட்டேன்" என்றார். பிறகு என் நெற்றியில் கை வைத்தார். மஞ்சளும் கற்பூரமும் மணத்தன. மீதிக் கதையைப் பார்க்காமல் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்று சொன்னேன். அப்படித்தான் சொல்ல வந்தது. நீ வராமல் நானும் பார்க்கமாட்டேன், அந்தக் கேப்டன் பொம்பளை அங்கேயே கிடக்கட்டும் என்றார். நான் சிரித்தேன், நெஞ்சு வலித்தது, மிஸ்ஸி அதட்டினாள். பத்து நிமிடம்தான் இருந்தார். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு எனக்குப் பயம் இல்லை. மறுநாள் காலை என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது நான் டாக்டரோடு பேசிக்கொண்டே போனேன்.

அவர் எப்படி வந்தார் என்பதை அண்ணன் எனக்கு இன்றுவரை சொல்லவில்லை. நான் வீடு திரும்பிய பிறகு என்னைப் பார்க்க வந்த லாரிக்காரத் தம்பிதான் சொன்னார்.

சேதி தெரிந்ததிலிருந்து அண்ணன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாராம். அந்த ஒருவேளைச் சோற்றையும் தொடவில்லை. ஒருமுறை எழுந்து போய், காப்பை இப்போதே அவிழ்க்க முடியுமா என்று பூசாரியைக் கேட்டிருக்கிறார். கட்டத்தான் தனக்கு உத்தரவு, பத்தாம் நாளுக்கு முன்னால் அவிழ்க்க உத்தரவு இல்லை என்று பூசாரி சொல்லிவிட்டார். அண்ணன் திரும்பிவந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டார். சொந்தக்காரர்கள் இரண்டு பேர், போய்விட்டு வாருங்கள், தலைவரை யார் கேட்கப்போகிறார்கள் என்றிருக்கிறார்கள். அதைக் கேட்டு அவருக்கு வந்த கோபத்தில் பக்கத்தில் ஆள் இல்லாமல் போய்விட்டதாம். தலைவர் என்பதாலேயே போக முடியாது என்பது அவர்களுக்குப் புரியவில்லை. தண்ணீர்த் தொட்டியை இறக்க வந்த லாரிக்காரத் தம்பிக்குப் புரிந்தது. அன்று தடுத்த அவர் ஒருவரை முன்னிட்டுத்தான் அண்ணன் அங்கே உட்கார்ந்திருந்தார்.

அவர் நேராகப் போய் நின்று சொல்லியிருக்கிறார்: "அன்னிக்கு எங்கம்மா மொகத்தப் பாக்க விடல நீங்க. இன்னிக்கு நீங்க அக்கா மொகத்தப் பாக்காம உக்காந்திருந்தா எங்கம்மா எந்திரிச்சு வந்துருவாங்களா? ஏறுங்க தலைவரே."

அண்ணன் ஏறிவிட்டார். ஆனால் பால் நிறுக்கும் கொட்டகைக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். மனம் மாறிவிட்டது போலிருக்கிறது என்று தம்பி நினைத்தாராம். அண்ணன் கோயில் பக்கம் திரும்பித் தார் ரோட்டிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். எழுந்து, கொட்டகையைத் தாண்டிப் பத்தடி நடந்து, அங்கிருந்து மறுபடி லாரியில் ஏறினார். எதற்கு இது என்று தம்பி கேட்டாராம்.

"வண்டி கொண்டு போயிருச்சுன்னு நாளைக்கு ஒரு சாக்கு இருக்கக் கூடாது. என் கால்லதான் நான் தாண்டணும்" என்றாராம் அண்ணன்.

இதைச் சொல்லிவிட்டுத் தம்பி தேத்தண்ணியை ஆற்றிக் குடித்தார். அந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். தெரியும்க்கா, எழுத்துப்பிழை இல்லாம இருந்துச்சே என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அன்று இரவே கோயிலுக்குத் திரும்பிய அண்ணன், மறுநாள் பூசை முடிந்ததும் மைக்கை வாங்கித் தான் எல்லை தாண்டியதை எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். பத்தாம் நாள் கோயிலில் தலைவருக்குத் தரும் முதல் மரியாதையை வாங்கவில்லை. திருவிழா முடிந்து நடந்த கூட்டத்தில் பதவியை விட்டார். நான் நெஞ்சில் தையலோடு ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி பிழைத்துவிட்டார், அப்படியானால் அம்மனுக்குக் கோபமில்லை என்றுதானே அர்த்தம், ஏன் விலக வேண்டும் என்று ஒருவர் கேட்டார். தங்கச்சி செத்திருந்தால் அம்மனுக்குக் கோபம் என்று சொல்வீர்களா, விளைவைப் பார்த்து வருவதா நியாயம் என்று அண்ணன் அவரை மடக்கிவிட்டார். தான் செய்தது தப்பு, தெரிந்தே செய்தது என்றார். பிறகு நோட்டீஸில் அந்தக் கடைசி வரியை எடுத்துவிட வேண்டும், தனக்கு முன்னால் வேறொருவருக்கு விலக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்றார். தம்பி அன்று கூட்டத்துக்கு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டாக்டர் அனுமதித்ததும் மீதிக் கதையைப் பார்த்தோம். அண்ணியும் முதல்முறையாக உட்கார்ந்தார். கேப்டன் இறங்கினாள். மக்கள் மண்டியிட்டார்கள். எழுந்திருங்கள், நான் மருந்து கொண்டுவந்தவள், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தேடிப் போனாள். மேலிடம் அவளிடமிருந்து கப்பலைப் பிடுங்கிக்கொண்டது. நான் அண்ணனைப் பார்த்தேன். சட்டப்படி சரியான தண்டனைதான் என்றார். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தாளுக்கு ஈவிரக்கமே கிடையாது என்று எழுந்து போனார். அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியதற்காக அவள் ஒரு இடத்திலும் வருத்தப்படவில்லை, கவனித்தாயா என்று கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார். கவனித்தேன் என்றேன். அன்று நாங்கள் சண்டை போடவில்லை.

இந்த வருடத்து நோட்டீஸ் போன மாதம் அச்சுக்குப் போனது. அந்த வரி இல்லை. அதை எடுக்க ஒரு விசையை அழுத்தினால் போதும், நான் ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.

இந்த வருடத் திருவிழா தொடங்குவதற்கு முன்பே, போன ஞாயிற்றுக்கிழமை லாரிக்காரத் தம்பியின் அம்மாவுக்குத் திவசம். எங்களை அவர் அழைக்கவில்லை. அண்ணன்தான் காலையிலேயே குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பழத்தட்டோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அண்ணியும் வந்தார். கோலா சுங்கை பாருவில் கடலுக்குப் போகிற ரோட்டில் சின்ன வீடு. எங்களைப் பார்த்ததும் தம்பி ஒரு நிமிடம் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு அண்ணன் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார்.

படத்துக்கு மாலை போட்டு, முன்னால் இலை விரித்துப் படைத்திருந்தார்கள். தம்பி படத்தைப் பார்த்து, உயிரோடு இருக்கிறவரிடம் சொல்வதைப்போல, "அம்மா, தலைவர் வந்திருக்காரு" என்றார். தான் இப்போது தலைவர் இல்லை என்று அண்ணன் திருத்தவில்லை. தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்க நேரமாயிற்று. நான் கைகொடுக்கப் போனேன், அண்ணி என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒங்க பிள்ளைய நான்தான் அனுப்பல தாயி" என்றார் அண்ணன், தரையிலிருந்தபடியே. "அவரு என்னை அனுப்பி வச்சாரு."

தம்பிதான் குனிந்து அவரைத் தூக்கினார். வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு முதல் இலையைப் போட்டு அண்ணனை உட்காரவைத்து, சோற்றைத் தன் கையால் பரிமாறினார். அண்ணன் குனிந்த தலை நிமிராமல் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். நான் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.